மூன்று சுற்று

விலங்கும் கொடியும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், கோவைக்கொடி தரையில்தான் படர்ந்து கிடந்தது. அதன் பற்றுக்கம்பிகள் நேராக நீண்டு துவண்டிருந்தன.

ஓர் ஐப்பசி மழையில் மிளா மானின் கன்று பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கருங்குரங்குகள் பருத்த காட்டுக்கொடி ஒன்றைக் கன்றின் வயிற்றில் கட்டி இழுத்தன. இரண்டு முழம் மேலே வரும். பிடி மாற்றக் கையைத் தளர்த்தியதும் வழுக்கும். கன்று மறுபடி தண்ணீரில் விழும்.

"கழுத்து வரைக்கும் வந்துட்டுது அண்ணே," என்றது தாய் மிளா.

குரங்குக் கூட்டத்தின் தலைவனான கடுவன் உரிந்துபோன உள்ளங்கையைப் பார்த்தது. "இழுக்க ஆள் இருக்கு தங்கச்சி. இழுத்ததைப் பிடிச்சு வைக்கத்தான் ஆள் இல்லை."

மலைப்பாம்பு முன்வந்தது. வாலை வேங்கை மரத்தில் கட்டி, உடலைக் காட்டுக்கொடியில் சுற்றியது. இரண்டும் ஒரே பருமன். அதனால் பிடி இறுகாமல் கொடி அந்தச் சுற்றுக்குள் நழுவி ஓடியது.

"மாமா, ஆட்டை நெரிக்கத்தான் லாயக்கு," என்றது ஒரு குரங்கு.

"நான் வரட்டுமா?" என்றது கோவை.

"நீயா? எழுந்து நிக்கவே துப்பில்லை!" என்றது அந்தக் குரங்கு.

"நிக்கவா கூப்பிட்டீங்க? பிடிக்கத்தானே?"

கோவை தன் கம்பிகளை ஒரு மெல்லிய கயிறாக முறுக்கிக்கொண்டது. ஒரு நுனியை வேங்கையில் கட்டி, மறுநுனியால் காட்டுக்கொடியை ஒரு சுற்று சுற்றியது. வழுக்கியது. பயந்துபோய் ஆறு சுற்று சுற்றியது. இப்போது கொடி இறங்கவில்லை. ஏறவும் இல்லை.

"அடியே, மூச்சு முட்டுது!" என்று காட்டுக்கொடி கத்தியது.

கன்றின் மூக்கு மட்டுமே வெளியே தெரிந்தது. கோவை மூன்று சுற்றைக் கழற்றியது.

"இழுங்க!"

குரங்குகள் இழுத்தன. சுற்று நெகிழ்ந்து கொடிக்கு வழிவிட்டது.

"இப்ப விடுங்க."

"விட்டா செத்துடுமே!" என்றது கடுவன்.

"விடுங்கன்னா!"

கடுவன் விரல்களைத் திறந்தது. மற்றவையும் விட்டன. கொடி ஒரு விரற்கடை இறங்கியது. சுற்று இறுகிக் கவ்வியது. கன்று தண்ணீருக்கு மேலே, அந்தரத்தில் நின்றது.

பிறகு இழுத்தன, விட்டன, இழுத்தன. மழை ஓய்வதற்குள் கன்றின் குளம்பு பாறையில் பட்டது. தாய் அதை நக்கியது. குரங்குகள் கூவிக் குதித்து, கோவையைத் தூக்கிக்கொண்டு போய் வேங்கையின் உச்சிக்கிளையில் ஏற்றி வைத்தன.

அன்று முதல்தான் கோவையின் கம்பிகள் சுருண்டு வளர்கின்றன, வேலியைக் கண்டால் விடாமல் ஏறுகின்றன. மலையில் பாரம் இழுப்பவர்களும் பருத்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றை மூன்று சுற்று சுற்றிவிட்டு, தயங்காமல் கையை விடுகிறார்கள்.