மூன்று நேரலைகள்

ஆவுடை வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வில்லை நறுக்குவாள், இழுத்துக்கொண்டு வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வாள், வில்லையை மோர்த்தண்ணியில் போடுவாள். கை அதுபாட்டுக்கு ஓடியது. கண் மட்டும் தேங்காய்மேல் சாத்தி வைத்திருந்த போனைவிட்டு நகரவில்லை. நார் இறுகி விரல் நுனி நீலம் பாரித்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

அது மலையடி மடத்துச் சமையல்கட்டு. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூடம், ஒரு கிணறு, மத்தியானம் பந்திக்கு வருகிற ஏழைபாழைகள். அதை நடத்துகிறவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஊர் அவளைத் தாயி என்றது. ஐம்பதைத் தொட்ட ஆவுடையும் தாயி என்றுதான் கூப்பிட்டாள். அவளிடம் நாலு நல்லது கற்றுக்கொள்ள வந்து அங்கேயே தங்கிவிட்டவள் ஆவுடை.

ஆவுடையின் ஒரே மகள் கோமதி. ஒரு சின்ன செய்திச் சேனலில் நிருபர் வேலை. கடலோரத்தில் புயல் கரையேறப் போகிறது என்று நேற்றிலிருந்து கையில் மைக்கோடு நிற்கிறாள்.

அந்தச் சேனல் கேபிள் டிவியில் வரும். மடத்தில் டிவி கிடையாது. எதிரே செல்லையா டீக்கடையில் உண்டு. ஆவுடை அங்கேதான் ஓரமாக நின்று பார்ப்பாள். நேற்று பெஞ்சில் இருந்த ஒருத்தன், "இந்தப் பிள்ளைய அலை அடிச்சிட்டுப் போகப்போகுது பாருங்கலே" என்றான். சும்மா வாய்க்குச் சொன்னதுதான். ஆவுடை அப்படியே திரும்பி வந்துவிட்டாள். கரிநாக்கு இருக்கிற இடத்தில் நின்று பிள்ளையைப் பார்ப்பதா?

பிறகுதான் கூட வேலை பார்க்கிற முப்பிடாதி ஆவுடையின் போனிலேயே சேனல் தெரிகிற மாதிரி மூன்று ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். மூன்றிலும் ஒரு வாரம் சும்மா பார்க்கலாம்.

"ஏக்கா, இன்னுமா ஒண்ணை முடிவு பண்ணல?" என்றாள் முப்பிடாதி, அரிசி களைந்துகொண்டே. "மகளுக்கு மாப்பிள்ளை பாத்தாக்கூட இம்புட்டு யோசிக்க மாட்ட."

"மாப்பிள்ளை சரியில்லன்னா பிள்ள வீட்டுக்குத் திரும்பி வந்துரும். இது அப்படியாட்டி?"

"இதுல என்ன கெடக்கு? மூணும் ஒண்ணுதான்."

"ஒண்ணுல படம் தெளிவா இருக்கு, திடீர்னு சுத்திக்கிட்டே நிக்குது. ரெண்டாவது நிக்கல, ஆனா மங்கலா இருக்கு. மூணாவதுல நடுவுல பல்லுப்பொடி விளம்பரம் வந்துருது. அலை வர்ற நேரத்துல பல்லுப்பொடி வந்தா நான் என்ன செய்ய?"

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. ஆவுடையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"தாயிகிட்டயே கேளு."

தாயி கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். ஆவுடை எழுந்து நின்றாள்.

"தாயி, மூணுலயும் செவப்புப் புள்ளி வச்சு நேரலைன்னு போட்டிருக்கு. எதை நம்பட்டும்?"

தாயி குடத்தை இறக்கி வைத்தாள். "நீ எதுக்குப் பாக்குற?"

"என்ன தாயி, இப்படிக் கேக்கிய? அவ அங்க புயல்ல நிக்கா."

"சரி. நீ எதுக்குப் பாக்குற?"

ஆவுடை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சின்னதுல அவளுக்குக் காய்ச்சல்னா விடியவிடிய முழிச்சிருப்பேன். ஒரே ஒரு தடவ கண்ணசந்தேன். அன்னைக்குத்தான் வலிப்பு வந்துச்சு. வாயில நுரை. நான் முழிச்சிருந்தா வந்திருக்காது. என் கண்ணு அவமேல இருந்தா அவளுக்கு ஒண்ணும் ஆகாது தாயி. கண்ணை எடுக்கப் பயமா இருக்கு."

தாயி அவள் விரலைப் பிடித்தாள். நாரைப் பிரித்து எடுத்தாள். மெல்ல ரத்தம் ஓடி விரல் சிவந்தது.

"போனை எடுத்துக்கிட்டு வா."

இருவரும் மடத்து வாசல்படியில் உட்கார்ந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. இங்கேயும் காற்று பலம்தான். கடைக்காரர் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தார். டிவி கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

"முதலாவதைப் போடு."

ஆவுடை போட்டாள். கோமதி வந்தாள். மழைக்கோட்டு, நெற்றியில் ஒட்டின முடி, பின்னால் சாம்பல் நிறத்தில் கடல். ஆவுடை மூச்சை விட்டாள்.

படுதாவுக்குள்ளிருந்து கோமதியின் குரல் கேட்டது. "மீனவர் குடியிருப்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளது."

போனில் கோமதி வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து அதே குரல் ஆவுடையின் கைக்குள்ளிருந்து வந்தது. "மீனவர் குடியிருப்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ளது."

"கடையில முந்திப் போகுது" என்றாள் ஆவுடை.

"அங்கயும் பிந்தித்தான் வருது. அடுத்ததைப் போடு."

இரண்டாவதில் கோமதி இன்னும் தாமதமாக வந்தாள். கடையில் சொல்லி முடித்து வேறு பேச்சுக்குப் போன பிறகு இங்கே அதையே தொடங்கினாள்.

ஆவுடை போனைத் தூக்கிப் பார்த்தாள். "அப்ப இது எப்பத்துக் கோமதி?"

"மூணாவது" என்றாள் தாயி.

மூன்றாவதில் முதலில் பல்லுப்பொடி வந்தது. அது முடிந்து கோமதி வந்தபோது ஒரு கையால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் டீக்கடையில் பெஞ்சு சரிகிற சத்தம் கேட்டது.

"ஏலே ஏலே ஏலே" என்றது ஒரு குரல். "போச்சுய்யா, போச்சு" என்றது இன்னொன்று. அதற்குமேல் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் ஒரு வார்த்தைகூட ஆவுடைக்கு விளங்கவில்லை.

கையில் இருந்த கோமதிக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றின் வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கேமராவைப் பிடித்திருந்தவர் ஏதோ கேட்டிருப்பார் போல, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"தாயி" என்றாள் ஆவுடை.

"போய்க் கேட்டுட்டு வா. பத்தடிதான்."

ஆவுடை எழுந்திருக்கப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள். போய்க் கேட்டால் நடந்தது நடந்ததாகிவிடும். இங்கே இருந்தால் பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் படம் இப்படியே சுற்றி நின்றுவிடாதா என்று வேண்டினாள். ஒரு விளம்பரம் வராதா என்று வேண்டினாள். எதுவும் வரவில்லை. கோமதி பேசிக்கொண்டே இருந்தாள்.

"கோமதி" என்று ஆவுடை போனைப் பார்த்துக் கத்தினாள். "ஏ பிள்ள, தள்ளி நில்லு. தலையக் குனி. குனிட்டி."

திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு தகரக்கூரை முழுசாகப் பறந்து வந்தது. கோமதி குனிந்தாள். தகரம் அவள் தலைக்குமேலே போய்க் கம்பத்தில் அறைந்து மடங்கி விழுந்தது. படம் ஆடியது, வானம் தெரிந்தது, யாருடைய காலோ தெரிந்தது. பிறகு நேரானது. கோமதி நிமிர்ந்து நின்றாள். மைக்கைத் துடைத்துக்கொண்டு, "நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம்" என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் விடாமல் மேலே சொல்லத் தொடங்கினாள்.

ஆவுடை போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாயி அழவிட்டாள்.

அழுகை ஓய்ந்து மூக்கைத் துடைத்தபோது ஆவுடையின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது.

"பாத்தியளா தாயி? நான் கத்துனேன், அவ குனிஞ்சா. இதுதான் ராசி. இந்த மூணாவதையே வச்சுக்கிடுதேன். விளம்பரம் வந்தாலும் பரவால்ல."

"எப்பக் கத்துன?"

"தகரம் வர்றதுக்கு முந்தி. நீங்களும்தான பக்கத்துல இருந்திய?"

"இருந்தேன்."

"அப்புறம் என்ன?"

"கடையில சத்தம் எப்பக் கேட்டுச்சு?"

ஆவுடை படுதாவைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். உள்ளே பந்திக்கு ஆட்கள் வந்து உட்காருகிற அரவம் கேட்டது.

தாயி எழுந்து சேலையைத் தட்டினாள்.

"நீ கத்தும்போது அவ குனிஞ்சு நிமிந்தாச்சு, ஆவுடை."

ஆவுடை அப்படியே உட்கார்ந்திருந்தாள். காற்று படுதாவை ஊதி ஊதி அடித்தது. கடையில் கோமதி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கைக்குள் இன்னொரு கோமதி வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அடுத்த தகரம் வரும்போது அவ தானாவே" என்று தொடங்கினாள்.

"யக்கா, இலை போட்டாச்சு, சோத்துவாளியத் தூக்க ஆளில்ல" என்று முப்பிடாதி உள்ளேயிருந்து கூப்பிட, ஆவுடை போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து, அதைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமலே வாளியைத் தூக்க உள்ளே போனாள்.