கத்தரிச் செடிக்குக் கவாத்து

மாசிலாமணி அறுபதைத் தாண்டியவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சிவகாமி அம்மைக்கு நாற்பது வயதுதான் இருக்கும். ஊர் இதைக் கேலி பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனதில் இருப்பதைக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கேட்பதற்கு அந்த ஒரு வீடுதான் இருந்தது.

வைகாசி மாதத்தில் ஒரு காலை அப்படித்தான் போனார். அம்மை கொல்லையில் கத்தரி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஆனியில மகளுக்குக் கல்யாணம், அம்மா. என் தம்பியை அழைக்கணுமா, விட்டுடலாமா? அப்பா காரியத்தன்னிக்குச் சண்டை போட்டுப் பிரிஞ்சோம். அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"என்னைப் பொறுத்தவரை அவன் செத்த மாதிரிதான்."

அம்மை பக்கத்துப் பாத்தியைக் கைகாட்டினார்.

"வெயில் ஏறதுக்குள்ள அந்தப் பாத்தியைப் பாருங்க ஐயா. பழைய செடியில உயிர் இல்லாததைப் பிடுங்கிடுங்க. புது நாத்து வைக்கணும்."

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தை மாதத்தில் காய்த்துத் தள்ளிய செடிகள். இப்போது காயும் இல்லை, பூவும் இல்லை, இலையெல்லாம் சுருண்டு தொங்கின. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வரிசையாகப் பிடுங்கிப் போட்டார். பாதிப் பாத்தி காலியானது.

அம்மை வந்து கீழே கிடந்த ஒரு செடியை எடுத்தார். தண்டை நகத்தால் கீறினார். பட்டைக்குள் பச்சையாக இருந்தது.

மாசிலாமணி குனிந்து பார்த்தார்.

"இது உயிரோடவா இருந்துச்சு?"

"ம்."

"வெளியில தெரியலையே அம்மா."

"கீறினாத்தான் தெரியும். மேல்கிளையை வெட்டிக் கவாத்து பண்ணி, எரு வச்சுத் தண்ணி விட்டிருந்தா ஆடியில திரும்பக் காய்ச்சிருக்கும்."

"மறுபடி நட்டுடலாமா?"

"வேர் அறுந்துடுச்சு. இந்த வெயிலுக்குத் தாங்காது."

அம்மை அதை எருக்குழியில் போட்டார். மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. மீதிச் செடிகளை ஒவ்வொன்றாகக் கீறிப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளே பழுப்பாக இருந்ததைப் பிடுங்கினார். பச்சையாக இருந்ததை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். போகப் போக அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஒரு செடியைக்கூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை. நன்றாக நின்றது பட்டுப்போயிருந்தது, சருகாகத் தெரிந்தது பச்சையாக இருந்தது.

காலியான இடங்களில் அம்மை நாற்றுக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி பெரிய சோம்பேறியாமே ஐயா. பெத்த அப்பாவைக்கூடக் கவனிக்கலையாம்."

மாசிலாமணியின் கை நின்றது. முகம் சிவந்துவிட்டது.

"எந்தப் பய சொன்னான்? அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்போ மலமூத்திரம் அள்ளினதே அவன்தான். நான் வேலை வேலைன்னு வெளியூர்ல கிடந்தேன். ஒரு நாள் அவன் முகம் சுளிச்சதில்லை. அவனைப் போய் இப்படி..."

அம்மை குழியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லுங்கம்மா. யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. நான்தான் கீறிப் பார்த்தேன்."