யானை மிதித்த இரும்பு

அந்தக் காலத்தில் யானையும் பேசும், பிரம்பும் பேசும். காட்டில் எதை வெட்டுவதற்கும் மனிதரிடம் இருந்தது கோடாலி ஒன்றுதான். மலையடிவாரத்தில் அதை அடித்துக் கொடுத்தவள் மசணி. ஓடைக்கரையில் உலை வைத்திருந்தாள். கனமில்லாத இரும்பு எதற்கும் ஆகாது என்பது அவள் எண்ணம்.

ஒரு மழைக்காலக் காலையில், உலையில் இரும்பு பழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்யானை மூச்சிரைக்க வந்து நின்றது.

"மசணி, என் குட்டி ஓடைக்குள் பிரம்புப் புதரில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க முள் இறுக்குகிறது. வெள்ளமும் ஏறுகிறது."

மசணி கோடாலியோடு ஓடினாள். குட்டியின் வயிறுவரை தண்ணீர் வந்திருந்தது. ஓங்கி வெட்டினாள். பிரம்பு வளைந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது. மறுபடி ஓங்கினாள். கோடாலி தெறித்துக் குட்டியின் காதை உரசிப் போனது. அதற்குமேல் ஓங்க அவளுக்குக் கை வரவில்லை.

"மரம் எதிர்த்து நிற்கும், அதனால் வெட்டுப்படும்," என்றது பிரம்பு. "நான் வளைந்து கொடுக்கிறவன். இந்தக் கோடாலியின் தடித்த வாய் என்னை நசுக்கும், அறுக்காது."

"வேறு எதுதான் உன்னை அறுக்கும்?"

"என் இலை உன் கையை அறுத்திருக்கிறதே, அதைப் பார்."

மசணி பார்த்தாள். புறங்கையில் மெல்லிய கோடாக ரத்தம். அப்படியே உலைக்குத் திரும்பி ஓடி, பழுத்த இரும்பை எடுத்துக் கல்லில் வைத்து அடிக்கத் தொடங்கினாள். யானையும் பின்னாலேயே வந்து நின்றது. இரும்பு மெள்ள மெள்ளத்தான் மெலிந்தது.

"இலைபோல மெலிய வேண்டும், அக்கா. பொழுது சாயும்வரை அடிக்கணும். அதுக்குள்ள..." அவள் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அதை மறுபடி பழுக்க வை," என்றது யானை.

இரும்பு சிவந்ததும் யானை காலைத் தூக்கியது. மசணி தடுத்தாள். "வேண்டாம் அக்கா. பாதம் வெந்துபோகும்."

"கல்லில் வை, தங்கச்சி."

வைத்தாள். யானை தன் கனம் முழுவதையும் அதன்மேல் இறக்கியது. புகை எழுந்தது. அது பிளிறவில்லை. துதிக்கையால் மசணியின் தோளை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது. காலை எடுத்தபோது இரும்பு அகலமாக, இலைபோல மெலிந்து கிடந்தது.

ஓடைநீரில் தோய்த்து, கல்லில் தீட்டி, மூங்கில் பிடி செருகி, அரிவாளாக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற குட்டியைச் சுற்றி, ஒரு வீச்சுக்கு ஒரு கொடியாகப் பிரம்பு அறுந்து விழுந்தது. குட்டி கரையேறியது.

அந்த அரிவாளைக் கீழே வைக்கவில்லை மசணி. வாழை மட்டையைச் சீவி வெந்த பாதத்தில் சுற்றினாள். நாருரித்துக் கட்டினாள். நடக்க முடியாத யானைக்குத் தழை அறுத்தாள். அது படுக்கும் இடம்வரை முள் செதுக்கி வழி செய்தாள். கோடாலி ஓடைக்கரையிலேயே கிடந்தது.

பாதம் ஆறியது, சூட்டில் விழுந்த வெடிப்புகள் மறையவில்லை. இன்றும் யானையின் உள்ளங்காலில் அந்த வெடிப்புகளைக் காணலாம். அன்று முதல்தான் காட்டுக்குப் போகிறவர்கள் மெல்லிய அரிவாளை இடுப்பில் செருகிப் போகிறார்கள். யானைத்தடத்தின் குறுக்கே ஒரு கொடி தொங்கினாலும், தங்கள் வேலையைத் தொடுமுன் அதை அறுத்துவிட்டே நடக்கிறார்கள்.