ஒரே விலைக் கடையில் பாதி விலைக் கடிகாரம்

கொன்றைமங்கலம் சமஸ்தானத்து ராஜா விஜயபூபதிக்கு இரண்டு விஷயங்களில் அசாத்தியப் பெருமை. ஒன்று மீசை. மற்றொன்று, அந்த ஊரில் மணி பன்னிரண்டு ஆவதே அவர் தயவில்தான் என்பது. தினமும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உப்பரிகையிலிருந்து கைக்குட்டையை ஆட்டுவார். கோட்டைப் பீரங்கி வெடிக்கும். வெடித்தால் பன்னிரண்டு. வேறு மணி காட்டும் கடிகாரம் பொய்க் கடிகாரம், ராஜாவின் கடிகாரத்தைத் தப்பு என்பவனுக்குச் சவுக்கடி என்று அவர் பாட்டனார் சட்டமே போட்டிருந்தார். சூரியன் மட்டும் தூரத்தில் இருந்ததால் தப்பித்தது.

அந்தப் பாட்டனார் காலத்துக் கடிகாரத்தைப் பட்டத்து யானை மிதித்துத் தொலைத்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் பன்னிரண்டே அடிக்கவில்லை. எப்போது இலை போடுவது என்று தெரியாமல் அரண்மனைச் சமையல்காரர்கள் விழித்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத் திவான் ரங்கோஜி சபையில் கையை மடக்கி மடக்கி நீட்டினார். மணிக்கட்டில் புத்தம்புதுத் தங்கக் கடிகாரம்.

"என்ன விலைங்காணும்?" என்றார் ராஜா.

"ஆயிரம் ரூபாய், மகாராஜா. சீமைக் கம்பெனிக் கடை. ஒரே விலை. தம்பிடி குறைக்க மாட்டான்."

"எனக்கும் அதே வேண்டும். ஆனால் திவான் கொடுத்த விலையையே கொடுத்தால் அப்புறம் நான் என்ன ராஜா? பாதி விலைக்கு வாங்குங்கள்!"

யானையின் நெற்றிப்பட்டத்துக்கு இரண்டாயிரம் கொட்டிக் கொடுத்த புண்ணியவான் பேசுகிற பேச்சு இது.

திவானுக்கு வாயெல்லாம் பல். "தாண்டவராயனை அனுப்புங்கள் மகாராஜா. எமனிடமே பேரம் பேசுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். முடியாவிட்டால் அவன் மானிய நிலத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள்."

"பேஷ்!" என்றார் ராஜா.

ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் தாண்டவராயனின் உத்தியோகம். அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வீட்டில் அடுப்பெரிவது அந்த நிலத்தை நம்பித்தான். அது திவானின் மாந்தோப்பை ஒட்டிக் கிடந்ததுதான் வினை. நேரே சீமைக் கம்பெனிக் கடைக்குப் போனான்.

ஏஜெண்ட் ஜோதிநாயகம் கோட்டும் டையுமாக வரவேற்றார். காபி கொடுத்தார். வெல்வெட் பெட்டி இலவசம் என்றார். விலை என்றதும் பலகையைக் காட்டினார்.

"குறைச்சேன்னு தெரிஞ்சா சீமை முதலாளி ஏஜென்சியையே பிடுங்கிடுவார், சார். ஆனா ஒண்ணு. எங்க வாட்ச் தப்பு மணி காட்டினா முழுப் பணமும் வாபஸ். அது எங்க காரண்டி."

அடுத்தது கடைவீதி நகைக்கடை ஏகாம்பரம் செட்டியார். கேட்பதற்கு முன்பே பாதி விலை என்றார். கூடவே, பழைய நகையைக் கொண்டுவந்து அவர் தராசில் போட வேண்டுமாம். ராஜாவின் தங்கத்தை எடுத்து ராஜாவுக்கே தள்ளுபடி! தாண்டவராயன் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தான்.

கடைசியாகத் துறைமுகத்துச் சுல்தான் மரைக்காயர். கப்பலில் வந்திறங்கிய புதுச் சரக்கு, வேறு கம்பெனி, கால்வாசி விலை குறைவு.

"காரண்டிக் காகிதம் உண்டா, மரைக்காயரே?"

"காகிதம் கேட்டா விலை ஏறும். விலை கேட்டா காகிதம் கிடைக்காது. ரெண்டுல எது வேணும்?"

பேச்சு தாண்டவராயனுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் கால்வாசி பாதியாகாதே. யோசித்தபடி நின்றவனுக்கு, ஏஜெண்ட் சொன்ன காரண்டி நினைவுக்கு வந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஒன்றை இரவலாகக் கொடுங்கள். மகாராஜா இரண்டு நாள் கட்டட்டும். உங்கள் கடைக்குப் பெருமை."

வழியில் அதன் சாவிக் குமிழைத் திருகி, அரை மணி முன்னே தள்ளி வைத்தான். "பேரம் முடியும்வரை இது இருக்கட்டும், மகாராஜா. ஊரில் பன்னிரண்டு மணியாவது அடிக்கட்டும்" என்று ராஜாவின் கையில் கட்டிவிட்டான்.

மறுநாள் பீரங்கி வெடித்தது. ஜோதிநாயகம் விற்ற கடிகாரங்கள் எல்லாம் பதினொன்றரை காட்டின.

முதலில் ஓடியவர் திவான்தான். சட்டத்தைக் காக்க வேண்டியவர் கையிலேயே பொய்க் கடிகாரமா? கழற்றிக் கடை மேஜையில் வைத்துவிட்டு, "தப்பு மணி காட்டுகிறது. காரண்டிப்படி பணத்தை எடும்!" என்று கத்தி ஆயிரத்தையும் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வக்கீல்கள், மிராசுதார்கள், தாசில்தார் என்று வரிசை தெருமுனை தாண்டி நின்றது.

ஜோதிநாயகம் டையைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டவராயன் வீட்டுக்கு ஓடி வந்தார். "சார், நான் தெருவுக்கு வந்துடுவேன்! சூரியன் தலைக்கு மேல வரவே இல்ல, பாருங்க!"

"அதை மகாராஜாவிடம் சொல்கிறீரா?"

ஏஜெண்ட் சவுக்கை நினைத்து முதுகைத் தடவிக்கொண்டார்.

"நாளை மகாராஜா கையில் உமது கடிகாரம் இருந்தால், ஊரிலுள்ள உம் கடிகாரமெல்லாம் தானே சரியாகிவிடும். பாதி விலை."

"விலையக் குறைச்சா ஏஜென்சி போயிடுமே!"

"குறைக்க வேண்டாம், ஐயா" என்று தாண்டவராயன் அவர் காதில் ஏதோ சொன்னான். ஏஜெண்டுக்கு உயிர் வந்தது.

மறுநாள் பீரங்கியும் சீமைக் கடிகாரங்களும் ஒரே மணி சொல்லின. திவான் மறுபடி வாங்கப் போனபோது அதே கடிகாரம் நூறு ரூபாய் ஏறியிருந்தது. ஒரே விலைதான், அன்றைக்கு அது.

சபையில் ராஜா புதுக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே விலைக்காரன் எப்படியடா விலையைக் குறைத்தான்?"

"குறைக்கவே இல்லை, மகாராஜா. ரசீதில் முழு ஆயிரம் இருக்கிறது. இதைத் தாங்கள் கட்டிக்கொள்வதற்காக அவர் ஐந்நூறு தனியாகக் கொடுத்தார். மணிக்கட்டு வாடகை."

திவான் எகிறினார். "மரைக்காயர் கடிகாரம் அரை மணி முந்தி ஓடியிருக்கிறது, மகாராஜா! இவன் தெரிந்தே மறைத்திருக்கிறான்!"

"மகாராஜா கட்டியிருக்கும் கடிகாரத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு முதுகு ஒன்றுதான் இருக்கிறது, திவான்வாள்."

"அடப்பாவி! அதுதான் நேற்றுப் பசிக்காமலே சாப்பிட்டேனா?" என்று ராஜா மீசை குலுங்கச் சிரித்தார். "நிலம் உனக்கே. அந்த மரைக்காயர் கடிகாரத்தையும் உனக்கே பரிசாக வாங்கித் தருகிறேன்!"

நிலம் பிழைத்த சந்தோஷத்தில் தாண்டவராயன் காலில் விழுந்தான். பொக்கிஷக்காரர் பணப்பெட்டியைத் திறந்தார்.

"அதை மூடுங்காணும்!" என்றார் ராஜா. பட்டுச் சட்டையின் வலது கையைச் சுருட்டி மேலே விட்டுக்கொண்டார். "தாண்டவராயா, மரைக்காயரிடம் போ. இந்தக் கை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதென்று சொல். இதற்கும் ஏஜெண்ட் வாடகை பேசுகிறார் என்று சேர்த்துச் சொல்!"