சடைச்சி வீட்டுக்கு அடுத்த வீடு

வெகு காலத்துக்கு முன்பு செங்கரைச் சீமையை அழகேச பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் ஒரு கோளாறு. 'வேண்டாம்' என்ற சொல் காதில் விழுந்துவிட்டால், அதைச் செய்து முடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. மருந்து சாப்பிடுகிற சமயம் பாகற்காய் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லப்போக, அரண்மனையில் ஒரு மாதம் பாகற்காய்க் குழம்புதான். ராஜாவோடு சேர்ந்து மொத்த அரசவையும் அதைத் தின்று தீர்த்தது.

அந்த அவையில் வல்லாளராயர் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். கோட்டைத் தெருவில் ஏழு கட்டு மாளிகை கட்டியிருந்தார். என்ன கட்டி என்ன? வெளியூர்க்காரன் யாராவது வந்து ராயர் மாளிகை எது என்று கேட்டால், ஊர்ச்சனம் சொல்கிற பதில் இதுதான்:

"சடைச்சி வீடு தெரியும்ல? அதுக்கு அடுத்த வீடு."

சடைச்சி அவல் இடித்து விற்கிறவள். அரண்மனை மடப்பள்ளிக்கும் அவள் அவல்தான் போகும். அவள் வீடு, எந்தக் காலத்தில் கட்டியதென்று ஊரில் பலருக்கும் தெரியாத மண்சுவர் வீடு. ஏழு கட்டு மாளிகைக்கு ஒரு மண்வீடு அடையாளமா? ராயருக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் ராஜா உல்லாசமாக இருக்கும் நேரம் பார்த்து மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, தங்கள் தேர் திரும்பக் கோட்டைத் தெருவில் இடம் போதவில்லை. பழைய வீடுகளை இடித்துவிட்டால் தெரு அகலமாகும்."

"பெருமையுள்ள இடங்களும் சேர்ந்து போய்விடுமே?"

"தாங்கள் தலை தாழ்த்திய இடங்களை மட்டும் விட்டுவைப்போம். தாங்களே தலை தாழ்த்தாத இடத்தில் அப்படி என்ன பெருமை இருந்துவிடப் போகிறது?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே தண்டோரா போட்டார்கள். கோயிலும் மடமும் தப்பித்தன. ராயர் கடப்பாரை ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேரே சடைச்சி வீட்டு வாசலுக்கு வந்தார்.

சடைச்சி உலக்கையும் கையுமாக வெளியே வந்தாள்.

"ராசா எங்க வீட்டுல தலை தாழ்த்தலைன்னு யாரு பாத்தது? அவுக இன்னும் வரவே இல்லையே. வந்து பாத்துட்டுச் சொல்லட்டும். அதுக்கு முன்னால எவனாச்சும் கடப்பாரையை ஓங்குனா, என் கையில இருக்கறது கரும்பு இல்ல."

தெருச்சனம் முழுக்க அவள் பின்னால் வந்து நின்றது. ஆட்கள் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. சேதி அரண்மனைக்குப் போய், ராஜாவே பல்லக்கில் வந்து இறங்கினார்.

"இதுவா வீடு? சுவர் சாய்ந்திருக்கிறது, கூரை சரிந்திருக்கிறது. வாசல் ஏன் இவ்வளவு குட்டை?"

"கொள்ளைக்காரங்க குதிரையில வந்த காலத்துல கட்டுனது, ராசா. அன்னைக்குக் கோட்டைக் கதவைச் சாத்திக்கிட்டாக. எங்க சனம் வெளியில கிடந்துச்சு. இந்தத் தெருப் பொம்பளைகளும் பிள்ளைகளும் இந்த வீட்டுக்குள்ளதான் உசிரைக் காப்பாத்திக்கிட்டாக. குதிரையோட எவனும் நுழைய முடியாது. இறங்கி வந்தாலும் தலைதான் முதல்ல உள்ள வரும். உள்ள ரெண்டு பக்கமும் உலக்கையோட ஆளு நிக்கும்."

ராஜாவின் முகம் கறுத்தது. அன்றைக்குக் கதவைச் சாத்தச் சொன்னவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. பல்லக்குப் பக்கம் திரும்பினார்.

அவர் ஏறிப் போய்விட்டால் வீடு போயிற்று. சடைச்சி சட்டென்று ராயரைப் பார்த்துக் கேட்டாள்.

"ராயரே, ராசா உள்ள வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகட்டுமே. நீங்க என்ன சொல்றீக?"

ராயருக்குப் பகீர் என்றது. உள்ளே போனால் குனிய வேண்டும், குனிந்தால் தண்டோரா என்னாவது? பதறிப்போய் வாயை விட்டார்.

"வேண்டாம் மகாராஜா, வேண்டாம்."

ராஜா நின்றார்.

"யாருக்கு வேண்டாம் என்கிறீர்?"

கிரீடத்தைக் கழற்றிக் காவலன் கையில் கொடுத்துவிட்டு, இடுப்புவரை குனிந்து உள்ளே நுழைந்தார். நிமிர்ந்து பார்த்தால் இடப்பக்கம் உலக்கையோடு ஒருத்தி, வலப்பக்கம் உலக்கையோடு ஒருத்தி. வெளியிலிருந்து சடைச்சியின் குரல் மட்டும் வந்தது.

"பயப்படாதீக ராசா. இன்னைக்கு அவல் மட்டுந்தான் இடிக்கிறோம்."

ராஜா அந்த உலக்கைகளையும் குட்டை வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ராஜா மறுபடி குனிந்து வெளியே வந்தார்.

"இந்த வீட்டைத் தொடக்கூடாது. என் தலை தாழ்ந்துவிட்டது."

ராயர் விடவில்லை. "மகாராஜா, அது வாசல் குட்டையாக இருந்ததால் தானாகத் தாழ்ந்தது. தாங்களாகத் தாழ்த்தியது ஆகாதே?"

"உள்ளே போகும்போது வாசலுக்காகக் குனிந்தேன். வெளியே வரும்போது வாசல் உயரமாக இருந்திருந்தாலும் குனிந்திருப்பேன். உமக்குச் சந்தேகம் இருந்தால் நிமிர்ந்தே நுழைந்து காட்டும்."

ராயர் விறைப்பாக நடந்தார். வாசக்காலில் நெற்றி மோதி, தலைப்பாகை உருண்டுபோய் அவல் முறத்தில் விழுந்தது. கடப்பாரை ஆட்களே சிரித்துவிட்டார்கள். சுவரையும் கூரையையும் ராயர் செலவில் செப்பனிட ராஜா உத்தரவு போட்டார். இனிமேல் அரண்மனையிலும் ராயர் மாளிகையை 'சடைச்சி வீட்டுக்கு அடுத்த வீடு' என்றே சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

"சடைச்சி, உன் வாசலில் ஒரு கல் நடுகிறேன். அழகேச பூபதி தலை வணங்கிய வீடு என்று அதில் வெட்டச் சொல்கிறேன்."

"கல்லு நட்டுவைங்க ராசா. உங்க பேரு எதுக்கு? கோட்டைக் கதவு சாத்துன அன்னைக்கு இந்த வாசல் திறந்திருந்துச்சுன்னு வெட்டச் சொல்லுங்க."

 ராஜா தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

ராயர் வீங்கிய நெற்றியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தார்.

"அப்படி மட்டும் வெட்ட வேண்டாம் மகாராஜா."

கல்தச்சனைக் கூப்பிட அப்போதே ஆள் போய்விட்டது.