கோபுரத்து எண்ணெய்

கேளுங்கள். கடல் இப்போதைவிட இரண்டு கூப்பிடு தூரம் உள்வாங்கி இருந்த காலத்தில், நல்லாழி என்றொரு துறைமுகப் பட்டினம் இருந்தது. சேந்தன் என்ற அரசன் அதை ஆண்டான்.

துறைமுகத்தின் வாய் குறுகலானது. இரு பக்கமும் பாறை. அங்கே நின்ற கோபுரத்தில் இரவெல்லாம் ஒரு பெரிய விளக்கு எரியும். அதைப் பார்த்துத்தான் கப்பல்கள் உள்ளே வரும். அந்த விளக்குக்காக வீட்டுக்கு வீடு மாதம் ஒரு படி எண்ணெய் வரி.

வரி கனக்கிறது என்று ஊர் முணுமுணுத்தது. அரசன் எல்லோரையும் கூட்டிக் கேட்டான்.

"விளக்கு எரிய வேண்டுமா?"

"எரிய வேண்டும்."

"வரியை எடுத்துவிடட்டுமா?"

"எடுத்துவிடுங்கள்."

"அப்புறம் எண்ணெய்க்கு எங்கே போவது?"

"அது அரண்மனை பாடு."

அப்படிச் சொன்னவர்களில் உமையாளும் ஒருத்தி. அவள் கணவன் வயிரவன் மிளகு ஏற்றப் போன கப்பலில் மாலுமி.

வரி போனது. அரண்மனை எண்ணெயும் தீர்ந்தது. கோபுரம் இருண்டது.

கடலுக்கு ஆள் அனுப்பியிருந்தவர்கள் பதறினார்கள். செக்குக்காரரிடம் கடனுக்கு எண்ணெய் வாங்கி, அவரவர் வீட்டு மாடியில் விளக்கேற்றினார்கள். உமையாள் முதலில் தோட்டை அடகு வைத்தாள். பிறகு வளையலை. பிறகு வீட்டையே. கடனுக்குக் கட்டிய வட்டி, பழைய வரியைவிடப் பல மடங்கு.

ஒரு நாள் பொழுது சாய்கையில் தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. பாயில் இருந்த சிவப்பு ஒட்டுத் துணியை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். வயிரவன் போன கப்பல்தான்.

இருட்டியதும் கரையெங்கும் விளக்குகள் எரிந்தன. எது துறைமுகத்தின் வாய் என்று கப்பலுக்குத் தெரியவில்லை. ஒரு விளக்கை நோக்கி வந்தது, நின்றது. இன்னொன்றை நோக்கி வந்தது, நின்றது. பிறகு பாறைக்குப் பயந்து மெல்லத் திரும்பிப் போய்விட்டது. உமையாள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அலைச் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

விடிந்ததும் வீடு வீடாகப் போனாள். "மாடி விளக்கை அணையுங்கள். எண்ணெயைக் கோபுரத்துக்குக் கொடுங்கள்."

"என் விளக்கை அணைத்தால் என் மகன் எப்படி வருவான்?" என்றாள் பக்கத்து வீட்டுச் செண்பகம்.

"நேற்று எல்லார் விளக்கும் எரிந்ததே அக்கா. யார் வந்தார்கள்?"

செண்பகம் உள்ளே போய் எண்ணெய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

எல்லோரும் அரசனிடம் போய், "வரியைத் திரும்பப் போடுங்கள்," என்றார்கள்.

"உங்களுக்கு நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு எடுத்தேன். என் மேலும் தவறு இருக்கிறது," என்றான் அவன்.

கோபுரம் மறுபடி எரிந்தது. கப்பல்கள் வந்தன. செண்பகத்தின் மகனும் வந்தான். சிவப்பு ஒட்டுப் பாய் மட்டும் வரவில்லை.

வருடங்கள் போயின. உமையாள் மாதந்தோறும் தன் படி எண்ணெயைத் தானே சுமந்து போய் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, கடலைப் பார்த்தபடி சற்று நேரம் நிற்பாள்.

"இன்னுமா நீயே சுமந்து வந்து ஊற்றுகிறாய்?" என்று ஒருமுறை செண்பகம் கேட்டாள்.

"யார் வீட்டு ஆளாவது வந்துகொண்டுதானே இருக்கிறான்," என்றாள்.

எல்லோருக்கும் வேண்டியதற்கு எல்லோரும் சேர்ந்து கொடுக்க மறுத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே கடன்பட்டும் அது கிடைக்காது.