மண்ணுக்குள் கேட்ட தாளம்

மேற்கு ஆப்பிரிக்காவில், பமானா இனத்தார் வாழும் ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு தனித்தாளம் இருந்தது. தன் வீட்டுத் தாளம் காதில் விழுந்தால் எவனும் ஆடியே தீரவேண்டும்.

ஊர்த்தலைவர் ஜான்கேயின் தம்பி மொலோபா காணாமல் போனான். ஜெம்பே முரசுக்காரன் சிபிரி அவனை அழைத்து அந்த வீட்டுத் தாளத்தையே நாள்தோறும் வாசித்தான். வீட்டுக்குள் ஆடி ஆடித் தலைவருக்குத் தூக்கம் போயிற்று.

"இன்றைக்கு அவனை இங்கே வரவழை. இல்லாவிட்டால் உன் விரல்களை வெட்டிவிடுவேன்."

"வருவார், தலைவரே. அண்ணன் முதலில் ஆடி அழைக்கவேண்டும், அதுதானே வழக்கம்? ஒன்று மட்டும். அவர் கிடக்கும் இடத்தை மிதித்தால் காலைப் பிடித்துக்கொள்வார்."

"கதை விடாதேடா" என்று தலைவர் சிரித்தார்.

உச்சிவெயிலில் முரசு அதிர்ந்தது. தலைவர் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினார். மைதானத்து ஓரத்து மரத்தடிக்கு வரும்போதெல்லாம் ஓரிடத்தை மட்டும் தாண்டியே கால் வைத்தார். ஊர் அதைப் பார்த்தது.

சிபிரி வாசித்தபடியே முரசோடு நகர்ந்துவந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான்.

"இங்கே மட்டும் ஏன் ஆடவில்லை, தலைவரே?"

தலைவர் ஆடிக்கொண்டே பின்வாங்கினார். சிபிரி வாசிப்பை நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். தலைவரும் நின்றார். ஆனால் தாளம் நிற்கவில்லை. மண்ணுக்கடியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது.

தலைவரின் கால்கள் மறுபடி ஆடத் தொடங்கின.